வயிற்றைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு

லண்டன் போனவர்கள் லண்டனைப் பற்றி எழுதுகிறார்கள். நான் போனது தாம்பரம். கல்யாணம் ஆன கையோடு நாக்பூருக்குப் போய் அங்கேயே தலை நரைத்தவனுக்குத் தாம்பரமும் வெளிநாடுதான். பாஷை புரியும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதுவும் எல்லா இடத்திலும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

காரியம் இதுதான். எங்கள் மகள் உமாவுக்கு அஸ்தினாபுரத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. எண்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அதற்குப் பத்திரிகை வைக்க நானும் என் மனைவி சரோஜாவும் தீபாவளி முடிந்த கையோடு வந்து இறங்கினோம். எங்கள் பக்கத்தில் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால், 'தபால்ல வந்துச்சு, தபால்லயே ஆசீர்வாதம் பண்ணிட்டோம்' என்று சொல்லிவிடுவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகையோடு வீடு வீடாகப் போய் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, சாப்பிடவும் வேண்டும்.

என் வயிற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன் வயிற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறவர்களை எனக்கே பிடிக்காது. சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், உப்புசம், ஏப்பம். சாப்பிடாவிட்டால் வலி. நாக்பூர் டாக்டர் மாத்திரையைக் குறைத்துக் கட்டுப்பாட்டை அதிகமாக எழுதிக் கொடுத்தார். காபி கூடாது. புளி, மிளகாய், எண்ணெய்ப் பலகாரம் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்கு, மென்று சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்காமல் நடக்க வேண்டும். கடைசியில், கோபப்படக் கூடாது என்றார். காபிக்குப் பதில் மோர் என்று சொன்னவர், கோபத்துக்குப் பதில் என்ன என்று சொல்லவில்லை. ஆனாலும் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, சுரைக்காய், மோர், மாலை நடை என்று பழகியதில் வயிறு என்னோடு ஒரு மாதிரி சமாதானமாகப் போக ஆரம்பித்திருந்தது.

நாக்பூரில் இது பெரிய விஷயமே இல்லை. 'வயிறு கெட்டிருக்கிறது' என்று இந்தியில் சொன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து விட்டுவிடுவார்கள். தாம்பரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. முதலாவது, சாப்பிட விருப்பமில்லாத எல்லோரும் அங்கே சொல்கிற பொய் அதுதான். இரண்டாவது, சரோஜா தடை போட்டிருந்தாள். சென்ட்ரலில் இறங்கியதுமே அவள் பேச்சு பிறந்த ஊருக்குத் திரும்பிவிடும்.

"கல்யாணம் முடியற வரைக்கும் வயிறுன்ற பேச்சே எடுக்காதீங்க. அப்பனுக்கே சீக்குன்னா பொண்ணுக்கு இன்னா கீதோன்னு பேசுவாங்க" என்றாள்.

சம்பந்தியம்மாள் பெண் பார்க்க வந்தபோதே, "எங்க வீட்ல யாருக்கும் ஷுகர் கிடையாது, பிரஷர் கிடையாது, பல்லு கூட யாரும் புடுங்கினதில்ல" என்று சொன்னவர். அவர்கள் வீட்டுக்குள் என் வயிற்றைக் கொண்டுபோவது கஷ்டம்தான்.

இதைவிடப் பெரிய கஷ்டம் பீர்க்கன்கரணையில் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் துரை. சரோஜாவின் ஒரே அண்ணன், செங்கல் மணல் வியாபாரம். உமாவுக்குத் தாய்மாமன். மாமன் மாலை போட்டு, மாமன் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டி வராமல் எங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது. அந்தத் துரை மச்சான் எங்களோடு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. காரணம், நான் அவர் வீட்டில் கை நனைக்காதது.

ஒரு வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுக் கை கழுவினால்தான் உறவு. பெண் பார்க்கப் போகிறவர்கள் கை நனைக்காமல் எழுந்து வந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். மச்சான் ஏரிக்கு ஓரமாக மனை வாங்கியபோது, "வேண்டாம், மழைக்குத் தண்ணீர் வரும்" என்று நான் சொல்லியிருந்தேன். அவர் அங்கேயே வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று இலையில் உட்கார்ந்த எனக்கு அப்படி ஒரு வலி. பரிமாறியதைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வயிற்றுவலி என்று சொன்னேன். "இடம் புடிக்கல. அத்தொட்டு என் வூட்டு சோறும் புடிக்கல. இதுல வயித்துவலியாம் வயித்துவலி" என்றார் மச்சான். அன்றோடு சரி. சரோஜா எழுதின எதற்கும் பதில் இல்லை.

நாங்கள் தங்கியது சேலையூரில், கரீம் வீட்டில். நாக்பூரில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். தாம்பரம் வட்டாரத்தில் என் வயிற்றைப் பற்றிய உண்மை தெரிந்த வெளி ஆள் அவர் ஒருவர்தான். முதல் நாள் காலையில் கரீம் வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்குப் போனோம். எங்கள் பெட்டியில் ஒருவர் கோழிக் கூண்டோடு ஏறினார். இறங்கும்போது கூண்டு வாசலில் மாட்டிக்கொண்டதால் ரயில் சற்று நின்று போனது. யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் கோழிகளின் விலையைக் கேட்டார்கள்.

முதல் வீடு சரோஜாவின் சித்தி வீடு. உட்கார்ந்ததும் தட்டு வந்தது. தீபாவளி முறுக்கு, அதிரசம், அப்போதுதான் போட்ட வெங்காய பஜ்ஜி, டபரா நிறையக் காபி. ஓரத்தில் ஓர் உருண்டை தீபாவளி லேகியம். நோயும் மருந்தும் ஒரே தட்டில் வைத்து உபசரிக்கிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சித்தி எதிரே நின்று என் வாயையே பார்த்தார்.

"இன்னிக்கு விரதம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது.

"இன்னா விரதம்?"

எதிர்ச் சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள்.

"சஷ்டி விரதம்."

"அட, ஆறு நாளுமா?"

"ஆறு நாளும்."

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரோஜா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ஆனால் பஜ்ஜி போய்விட்டது, காபி போய்விட்டது. வயிறு சரியில்லை என்ற உண்மையை நம்பாத ஊர், விரதம் என்ற பொய்யைக் கையெடுத்துக் கும்பிட்டது.

குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போய், எதிர்ப் பக்கம் இன்னொன்று வந்து, கேட் திறப்பதற்குள் என் விரதம் எங்களை முந்திக்கொண்டு அஸ்தினாபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது. கேட் மூடுவதற்கு முன்பே தாண்டிவிட்ட சித்தி வீட்டு மொபெட்டின் வேலை. சம்பந்தியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சொல்லவே இல்லியே சம்பந்தி! விரதக்காரருக்குன்னே சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவிச்சேன். வாழைப்பழம் இருக்கு, வேர்க்கடலை இருக்கு, காய்ச்சின பால் இருக்கு. இதெல்லாம் விரதத்துக்குச் சேர்த்திதானே?"

விரதத்துக்குச் சேர்த்திதான். என் வயிற்றுக்கு இவற்றைவிடப் பஜ்ஜியே தேவலை. கிழங்கில் ஒரு துண்டும் அரைத் தம்ளர் பாலும் உள்ளே போயின. திரும்பும் பஸ்ஸில் நின்றபடி வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிழங்கு ஒரு படி மேலே வந்தது. பக்கத்தில் இரண்டு கட்டட வேலைக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நாக்பூரில் பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம் என்பதால் எனக்குப் புரிந்தது.

"இந்தப் பெரியவர் முகத்தைப் பார். யாரோ செத்த வீட்டுக்குப் போகிறார் போலிருக்கிறது."

"இல்லையடா, கையில் குங்குமத் தட்டு இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்."

"அப்படியென்றால் சரிதான்" என்றான் முதலாமவன்.

சாயங்காலம் கரீம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குழைந்த சோறும் மோரும் சாப்பிட்டேன். கரீம் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"நாங்க நோன்புல பகல்ல சாப்பிடாம பொழுது சாஞ்சு சாப்பிடறோம். நீங்க ஊர்ல சாப்பிடாம என் வீட்ல சாப்பிடறீங்க. ஒவ்வொருத்தருக்கு ஒரு முறை" என்றார். பிறகு என்னை ஏரிக்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப் போனார்.

அடுத்த நாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. பெரும்பாக்கத்தில் சரோஜாவின் பெரியப்பா மகன் வீடு. அப்போது அங்கே ஏரியும் வயலும்தான், நடுவில் சில வீடுகள். பஸ் மேடவாக்கம் தாண்டி நின்றது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பீடி பற்ற வைத்ததும், இனிமேல் ஓடாது என்று எல்லோரும் புரிந்துகொண்டு இறங்கினார்கள். சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தால், அங்கே எனக்குப் பலகை போட்டு வைத்திருந்தார்கள். மூன்று வீட்டுப் பெண்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். விரதக்காரர் கையால் திருநீறு பூச வேண்டுமாம். பூசினேன். அதில் ஒரு குழந்தைக்கு அன்று பொழுது சாய்வதற்குள் ஜுரம் இறங்கிவிட்டதாகப் பிறகு சொல்லி அனுப்பினார்கள். என் வயிற்றில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். விரதம் முடிகிற சமயத்தில் குரோம்பேட்டைச் சித்தி குடையோடு சேலையூருக்கு வந்தார்.

"துரை சொல்லி அனுப்பிச்சான்பா. ஆறு நாள் விரதம் இருக்கிற மனுசன் லேசுப்பட்ட ஆள் இல்லன்றான். விரதம் முடிக்கிற சோறு அவன் வூட்ல சாப்ட்டா பத்திரிகைய வாங்கிக்கிறானாம். இல்லன்னா வாசப்படி ஏற வேணாமாம்."

சரோஜா ஓவென்று அழுதுவிட்டாள். அண்ணன் இத்தனை வருஷம் கழித்துச் சொல்லி அனுப்பிய முதல் வார்த்தை அது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அவளுக்கு என் வயிறு ஞாபகம் வந்தது.

"நாலு வாய் சாப்ட்டா போதும். மீதிய நான் பேசிச் சமாளிக்கிறேன்" என்றாள்.

"இலையை மூடினால் உன் அண்ணன் மறுபடி ஆரம்பிப்பார்."

அவள் மறுபடி அழுதாள். உமா மாமன் இல்லாமல் தனியாக மணமேடைக்கு நடந்து வருவது எனக்கும் கண் முன்னால் வந்தது. அந்தச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். ஆபரேஷனுக்குப் போகிறவனை வழியனுப்புவது போல கரீம் என் தோளைத் தட்டி அனுப்பினார்.

பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மச்சான் தெருவுக்குத் திரும்பியதும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்திருந்தது. நான் சொன்னது அப்படியே நடந்திருந்தது.

"தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள் சரோஜா.

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பற்றி எதுவும் பேசாமல் தண்ணீரில் நடந்தேன். மச்சான் படியில் நின்றிருந்தார். பெரிய ஆகிருதி, வெள்ளை வேட்டி, முகத்தில் சிரிப்பு இல்லை.

"வாங்க மாப்ள. தெருவுல கொஞ்சம் தண்ணி கீது."

"எங்கே?" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இலை தயாராக இருந்தது. மச்சான் மனைவி வசந்தா நல்ல பெண், கை நிறையப் பரிமாறுகிறவள். மொச்சைக்கொட்டைக் காரக்குழம்பு. உருளைக்கிழங்கு காரக்கறி. வாழைக்காய் வறுவல். மசால் வடை. இவற்றில் ஒன்றைத் தொடுவதற்கே நாக்பூர் டாக்டர் எழுந்து நின்றுவிடுவார். நான் மட்டும் உட்கார்ந்தேன். மச்சான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் இலையைப் பார்த்தார்.

சாப்பிட்டேன். ருசி பிரமாதம், அதைச் சொல்லியாக வேண்டும். காரக்குழம்பைத் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. நாக்கு சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நெஞ்சில் எரிய ஆரம்பித்தது. வாழைக்காய்க்கு நெற்றி வேர்த்தது. வடைக்குச் சட்டை நனைந்தது. பிறகு அந்தப் பழைய வலி, கிரகப்பிரவேசத்தன்று வந்த அதே வலி, அதே இடத்தில் வந்தது. இடது கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு வலது கையால் சாப்பிட்டேன். சரோஜா கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சோறு தீர்ந்தது. இலையில் எதுவும் மிச்சமில்லை. அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் முதல் சோற்றோடு எழுந்தால் பிடிக்கவில்லை என்று ஆகிவிடுமே.

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் சோறு. குழம்பும்" என்றேன்.

வசந்தா கரண்டியை நீட்டினாள். மச்சான் எழுந்து வந்து என் இலை மேல் கையை விரித்து வைத்தார். குழம்பு அவர் கை மேல் விழுந்தது.

"போதும் மாப்ள. எந்திரி."

"ரசம் இன்னும் வரவில்லையே மச்சான்."

"யோவ், எந்திரின்றேன்! மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சு. அன்னிக்கும் இத்தானா? மெய்யாலுமே வயித்துவலிதானா?"

"மெய்யாகவே இதுதான்."

மச்சான் கையில் வழிந்த குழம்பை மறந்து நின்றார். பிறகு என்னைத் தோளில் பிடித்துத் தூக்கிக் கொல்லைக் கதவுக்குக் கூட்டிப் போய், அவரே செம்பில் மொண்டு என் கையில் தண்ணீர் ஊற்றினார்.

"கை நனைஞ்சாச்சு. சரோஜா, எங்கம்மா பத்திரிக? எத்தா இப்டி. வசந்தா, மோர் எத்துகினு வா, மொளகா போடாத!"

சாப்பிட்டதும் நடக்க வேண்டும் என்பது விதி. தெருவெல்லாம் தண்ணீர் என்பதால் மொட்டை மாடிக்குப் போனோம். மழை விட்டிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். மச்சானும் கூடவே சுற்றினார். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காபி கிடையாது என்றதும் நின்றுவிட்டார்.

"காபி கூடவா? இன்னா மாப்ள, இது ஒரு பொழப்பா?"

"பழகிவிட்டது. இப்படி இருந்தால் வலி இல்லை."

"சஷ்டி?"

"அது பொய். வயிறு என்றால் யாரும் நம்புவதில்லை மச்சான். விரதம் என்றால் நம்புகிறார்கள்."

இன்னும் ஒரு சுற்று நடந்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். தெரு முழுக்க ஏரி.

"நீ சொன்னதும் நெசந்தான் மாப்ள. எடம் சரியில்ல. வருசா வருசம் வருது."

இதைக் கேட்கத்தான் நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது சந்தோஷமே வரவில்லை.

"கொஞ்சம்தான் இருக்கு, வடிஞ்சுடும்" என்றேன்.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. மாமன் மாலை போட்டார். கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். உமாவைவிட மச்சான்தான் அதிகம் அழுதார். தாலி கட்டி முடிந்து முதல் பந்தியில் என்னையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சம்பந்தியம்மாள் தானே முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு விரதம் கிரதம்னு சொல்லக் கூடாது சம்பந்தி. நான் நின்னு பரிமாறப் போறேன். எல்லாத்தையும் ஒரு கை பாக்கணும்."

வடை வாளி என் இலைக்கு வந்துவிட்டது. சொல்வதற்கு என்னிடம் புதிதாக எந்தப் பொய்யும் இல்லை. அப்போது மச்சான் இரண்டு கைகளாலும் இரண்டு இலைகளையும் மறைத்தார்.

"மன்னிச்சுக்கணும்மா. எங்க வழக்கம் ஒண்ணு கீது. பொண்ணப் பெத்தவனும் தாய்மாமனும் தாலி கட்டினப்பறம் மொதல்ல மோர்சோறுதான் சாப்பிடணும். அன்னிக்கு வேற ஒண்ணும் தொடக் கூடாது. தொட்டா பொண்ணுக்கு ஆவாது."

சம்பந்தியம்மாள் வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயையோ, நல்ல வேளை சொன்னீங்க. என்ன ஒரு வழக்கம்!" என்று சொல்லிக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மோர்சோறு வந்தது.

துரை மச்சான் சாப்பாட்டுக்காகவே பிறந்த மனுஷன். தங்கை மகள் கல்யாணத்தில், அவரே முன்னால் நின்று ஏற்பாடு செய்த சமையலில், வடை, பாயசம், உருளைக்கிழங்கு காரக்கறி எல்லாம் மூக்குக்கு முன்னால் போய்வர, ஊறுகாய் கூட இல்லாமல் மோர்சோறு சாப்பிட்டார். பக்கத்து இலை வடையை மட்டும் ஒரு முறை பார்த்தார். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையெல்லாம் மோராக இருந்ததால் சும்மா இருந்தேன்.

சில வருஷம் கழித்து சம்பந்தி வீட்டில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம், பல்லாவரத்தில். நானும் மச்சானும் போயிருந்தோம். அதற்குள் என் கட்டுப்பாடு பலன் கொடுத்து, விசேஷ நாளில் பாதி வடை வரை எனக்கு அனுமதி வந்திருந்தது. பந்தியில் எங்களுக்குப் பக்கத்து இலைகளில் சம்பந்தியும், சம்பந்தியம்மாளின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் இலையிலும் மோர்சோறு மட்டும். ஊறுகாய் கூட இல்லை. சம்பந்தியம்மாள் பின்னால் நின்று கண்காணித்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் சம்பந்தி என் காதருகே குனிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. உங்க வழக்கம்னு இவ பிடிவாதமா எடுத்துக்கிட்டா. இதை மொதல்ல எவன் ஆரம்பிச்சு வச்சான்?"

துரை மச்சான் தன் வடையைப் பாதியாகப் பிட்டு என் இலையில் வைத்தார்.

"பெரியவங்க இன்னாத்த நெனச்சிகினு வச்சாங்களோ" என்று சொல்லிவிட்டு, மோர் வாளிக்காரரைக் கூப்பிட்டு, சம்பந்தி இலையைக் காட்டி, "இங்க இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார்.